அரிசி டிரம்முக்குள் ஒரு போன்

நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி ஓடும் ஒரு சிற்றூரிலிருந்து 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஏழு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பி.காம். படித்தவர். ஈரோட்டில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் கணக்கு எழுதினார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் முறை எழுதியபோது சில மார்க்கில் கைவிட்டுப் போனது. அடுத்த முறை படிக்காமலே போய் எழுதிவிட்டு வந்தார். இப்போது மேஜையில் புத்தகம் விரித்தபடி இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. “ஐந்து நிமிடம் ரீல்ஸ் பார்ப்போம் என்று எடுத்தால், தலை நிமிரும்போது தறி நின்று அப்பா சாப்பிட வந்திருப்பார்” என்கிறார். போனே காட்டும் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஏழே முக்கால் மணி நேரம்.

21 நாள் சவால் ஒன்று எடுத்தார். ஒன்பதாம் நாள் உடைந்தது; அன்று விடியற்காலை நான்கு மணி வரை பார்த்தார். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னார். அம்மா அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு இவர் போய் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்திருக்கிறார். விடிந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்து சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. “திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் சார்.”

தை பிறந்தால் மாப்பிள்ளை பார்ப்போம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கேள்விகள் மூன்று. பட்டன் போனுக்கு மாறிவிடலாமா? போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் பயிற்சி விடுதி ஒன்றில் கடன் வாங்கியாவது சேரலாமா? மூன்றாவது கேள்வி இப்படி முடிகிறது: “யாரும் கேள்வி கேட்காமல் சுதந்திரமாக வாழத்தான் வேலையை விட்டேன். அந்தச் சுதந்திரத்தால்தான் கெட்டேன். என்னைப் போன்றவர்களுக்குச் சுதந்திரம் ஒத்துவராதா?”

அன்புள்ள தோழி,

உங்கள் கடிதத்தில் போன் என்ற சொல் முப்பது தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் நான் நின்று திரும்பப் படித்த இடம் வேறு. நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “மாதிரி வினாத்தாள் கட்டு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இன்னும் பின்னைப் பிரிக்கவில்லை.” அதற்கு அடுத்த பத்தியில் மறுபடி போன் வந்துவிடுகிறது. உங்கள் நாளிலும் இதே வரிசையில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வினாத்தாள் பக்கம் கண் போகிறது, வயிற்றில் என்னவோ செய்கிறது, கை போனைத் தேடுகிறது. போனைத் திறந்ததும் வயிற்றுக் கலக்கம் நின்றுவிடுகிறது. ஒரு நிமிடத்தில் கேட்கும் மருந்து வேறு எங்கே கிடைக்கும்?

இதைச் சோம்பேறித்தனம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஐந்து இடங்களில். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வேலையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதில்லை, அந்த வேலை கிளப்பும் கசப்பான உணர்விலிருந்து தப்பிக்கும் வழி அது என்று உளவியல் ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். மனநல ஆலோசனைக்கு என் அறைக்கு வருகிறவர்களிடமும் அதைத்தான் பார்க்கிறேன். வினாத்தாளைத் திறக்காதவரை “படித்திருந்தால் பாஸாகியிருப்பேன்” என்று ஒரு ஆறுதல் மிச்சம் இருக்கிறது. திறந்தால் அது போய்விடலாம். இரண்டாவது தேர்வுக்குப் படிக்காமல் போனதும் அதே கணக்குதான். படிக்காமல் தோற்றால் தோற்றது நீங்கள் இல்லை பாருங்கள். மேலே தை மாதக் கெடு வேறு. கெடு நெருங்க நெருங்க அந்தக் கட்டு கனம் கூடத்தான் செய்யும்.

தப்பிப்பதில் ஒரு வம்பு இருக்கிறது. ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் பயம் உடனே தணிகிறது. “ஒதுங்கியதால்தான் பிழைத்தோம்” என்று மனம் அதைப் பாடமாக எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை அந்தக் கட்டு இன்னும் பெரிய பூதமாகத் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்னால் அது வெறும் காகிதமாக இருந்திருக்கும்.

சரி, போனுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் ஊரில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்பு சுரண்டல் சீட்டு என்று ஒன்று இருந்தது. அப்பாவைக் கேளுங்கள், சொல்வார். பெட்டிக்கடை வாசலிலேயே நின்று நகத்தால் சுரண்டுவார்கள். பத்தில் ஒன்பது சீட்டில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் இருக்கலாம். எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்குத்தான் கை நிற்காமல் போகும். ரீல்ஸைத் தள்ளும் கட்டைவிரல் அந்தச் சீட்டைத்தான் சுரண்டுகிறது. கூடவே, பக்கம் என்று ஒன்று முடிவதே இல்லை. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். ஆக, உங்களைப் பிடித்து வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எதிர்த்து இரவு பதினொரு மணிக்குத் தனியாக, களைத்துப்போய், மனஉறுதியை மட்டும் வைத்துக்கொண்டு மோதியிருக்கிறீர்கள். தோற்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

‘அடிமை’, ‘டோபமைன்’, ‘21 நாள்’

மூன்று சொற்களைக் கடிதத்தில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மூன்றையும் நீங்கள் பார்த்த வீடியோக்களே கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“நான் போனுக்கு அடிமை, இது ஒரு வியாதி” என்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கணினி விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனி நோய் எதுவும் அதில் இல்லை. தொந்தரவு பொய் என்று சொல்லவில்லை. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014 முதல் ஒரு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஆனால் “எனக்கு வியாதி” என்று நீங்களே முத்திரை குத்திக்கொண்டால், வேறு யாராவது வந்து பூட்டுப் போட வேண்டும் என்றுதான் தோன்றும். அரிசி டிரம் யோசனை அங்கிருந்துதான் வந்தது.

டோபமைன் மூளையில் சுரக்கும் ஒரு ரசாயனம். அதை விரதம் இருந்து வடிகட்ட முடியாது. அது சாராயம் போல உடம்பில் தேங்கி நிற்கும் பொருள் இல்லை. நடக்க, பசிக்க, ஆசைப்பட எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அந்த வீடியோக்களில் பயனுள்ளதாக இருப்பது ஒன்றுதான்: தூண்டும் பொருளைக் கொஞ்சம் தள்ளி வைப்பது. அதற்கு இவ்வளவு ரசாயனம் வேண்டியதில்லை.

21 நாள் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதிகக் கெடுதல் செய்தது அதுதான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகளுக்கு மாறிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ வழியிலேயே உதிர்ந்துவிட்டது, மூக்கு அறுவைச் சிகிச்சையைப் பற்றிய குறிப்பு எல்லாப் பழக்கத்துக்குமான சட்டமாகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணிக்கப்பட்டவரும் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது அதன் இன்னொரு முடிவை: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை.

இப்போது உங்கள் ஒன்பதாம் நாளைப் பார்ப்போம். மாலையில் பார்த்தது இருபது நிமிடம். “போச்சு, சவால் உடைந்துவிட்டது” என்ற நினைப்பு வந்த பிறகு பார்த்தது ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துக்குக் காரணம் போன் இல்லை, “போச்சு” என்ற சொல். குடியை நிறுத்தியவர்கள் ஒரு வாய் குடித்ததும் மொத்தமாக விழுந்துவிடுவதைப் பற்றி ஆராய்ந்த ஆலன் மார்லட் இதைத்தான் விவரித்தார். சறுக்கியதைவிட, சறுக்கியதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம்தான் கீழே இழுக்கிறது.

பட்டன் போனா, விடுதியா?

பட்டன் போன் தப்பில்லை. ஆனால் பாடக் குறிப்புகள் டெலிகிராமில் வருகின்றன, கடைக்கும் வங்கிக்கும் போன்தான் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுக்க மாறினால் பத்து நாளில் “ஒரு பிடிஎஃப் மட்டும்” என்று அம்மா போனை வாங்குவீர்கள். சிம் கார்டை மட்டும் காலை எட்டு முதல் ஒரு மணி வரை பட்டன் போனில் போட்டு வைக்கலாம். அந்த அளவுக்குப் போதும்.

விடுதிக்குக் கடன் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். உள்ளே இருக்கும்வரை படிப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் பூட்டும் சாவியும் அவர்களுடையது. தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தலையில் கடன் வேறு இருந்தால் வினாத்தாள் கட்டு இன்னும் கனக்கும். 2025 குரூப் 4 அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நன்றாகப் படித்தவர்களுக்கும் கிடைக்காமல் போகும் தேர்வு இது. இதற்காகக் கடன் வாங்குவது வேண்டாத சூதாட்டம்.

கூட நாலு பேர் இருந்தால் படிப்பு ஓடும் என்றால் அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடக்கின்றன. பல நகராட்சிகளில் அறிவுசார் மையம் திறந்திருக்கிறார்கள். அதுவும் தூரம் என்றால் கிளை நூலகம். இன்னொன்றும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: பாதி நாள் வேலைக்குப் போங்கள். கணக்குத் தெரிந்த உங்களுக்கு உள்ளூர் ஜவுளிக் கடையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ நாலு மணி நேர வேலை கிடைக்கும். நாள் முழுக்க வெட்டவெளியாகக் கிடந்தால் அதை நிரப்பப் போன்தான் முதலில் ஓடி வரும்.

அம்மாவைக் காவலுக்கு வைக்காதீர்கள்

போனை ஒளித்து வைக்கச் சொன்ன அன்றே வீட்டில் ஒரு காவல்காரரையும் ஒரு கைதியையும் உண்டாக்கிவிட்டீர்கள். கைதிக்குத் தப்பிப்பதில் ஒரு திறமை தானாக வந்துவிடும். பாவம் அம்மா, அந்தக் காலை அவர் பொறுக்கியதில் பாதி உங்களுடைய கௌரவம். சுய ஒழுங்கு என்று நான் சொல்வது வேறு. பகலில் தெளிவாக இருக்கும் நீங்கள், இரவில் களைத்துப்போகும் உங்களுக்காக முன்கூட்டியே வேலையை முடித்து வைப்பது.

ஜெர்மனியில் 200 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. நாளில் பல தடவை அவர்களை அழைத்து இப்போது என்ன ஆசை, அதோடு போராடுகிறீர்களா என்று கேட்டார்கள். சுயக்கட்டுப்பாடு அதிகம் என்று மதிப்பிடப்பட்டவர்கள் அதிகம் போராடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் குறைவாகப் போராடினார்கள். சபலம் வரும் இடத்தில் அவர்கள் அவ்வளவாக இருப்பதே இல்லை.

எனவே நீங்களே, பகல் வெளிச்சத்தில் செய்து வைக்க வேண்டியவை: சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும் ப்ளக்கில் மாட்டுங்கள். ஒளித்து வைக்க வேண்டாம். ஒளித்த பொருளைத் தேடுவதில் ஒரு கிளர்ச்சி உண்டு. அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்குங்கள். (நானும் வாங்கியவன்தான். காலை ஐந்து மணிக்கு அலாரத்தை அணைக்கப் போனை எடுத்து, காபி ஆறும்வரை ஊர் வம்பு படித்துக்கொண்டிருந்தவன். மனைவி ஒரு நாள் காபியைத் தானே குடித்துவிட்டார்.) இன்ஸ்டாகிராமைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் பிரவுசரில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் போட்டுப் பாருங்கள். மாலை ஆறு முதல் ஏழு வரை குற்ற உணர்ச்சியே இல்லாமல் ரீல்ஸ் பாருங்கள், நான் அனுமதிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறித்துப் பார்க்கும் பொழுதுபோக்கில் தப்பே இல்லை.

பின்னைப் பிரிப்பது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் அந்தக் கட்டு அப்படியே இருந்தால், போனுக்குப் பதில் தூக்கமோ டிவியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் இதுதான் முக்கியமான வேலை.

பயத்தைப் பேசிப் போக்க முடியாது, பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் பழக வேண்டும். நாளைக் காலை பல் தேய்த்துக் காபி குடித்ததும் அதே மேஜையில் உட்கார்ந்து முதல் வினாத்தாளின் பின்னைப் பிரியுங்கள். அவ்வளவுதான் நாளைய வேலை. பிரித்து விரித்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் எழுந்திருக்காதீர்கள். படிக்கக்கூட வேண்டாம். உள்ளங்கை வியர்க்கும், தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று தோன்றும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை பயத்துக்கு ஒரு எண் போட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஐந்தாம் நிமிடமும் பத்தாம் நிமிடமும் மறுபடி எழுதுங்கள். எட்டில் தொடங்கியது பெரும்பாலும் ஆறுக்கோ ஐந்துக்கோ இறங்கும். இறங்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் ஓடவில்லை, அது போதும்.

மறுநாள் தமிழ்ப் பகுதியில் பத்துக் கேள்வி. விடைக் குறிப்பைப் பார்க்க வேண்டாம். நாலாம் நாள் இருபது கேள்வி, விடை சரிபார்ப்போடு. இப்படியே ஏறி, ஒரு மாதத்தில் 200 கேள்விகளையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்கும் இடத்துக்கு வந்தால் போதும். ‘தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்’ போன்ற சபதம் எதுவும் எடுக்காதீர்கள். “காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் மேஜைக்குப் போவேன்” என்று, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டு வையுங்கள். தவறிய நாளுக்கு அடுத்த நாள் பாதி வேலை மட்டும் செய்யுங்கள், ஈடுகட்ட முயலாதீர்கள்.

அப்பாவும் தை மாதமும்

“படிக்காததற்குத் தண்டனையாகக் கல்யாணம் செய்துகொள்ளத்தான் வேண்டும்” என்று எழுதியிருப்பது சரியில்லை. இரண்டும் தனித்தனி விஷயம். 27 வயதில் உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் திருமணம் செய்து வைக்க முடியாது. சட்டமும் உங்கள் பக்கம்தான். ஆனால் கடிதத்தைப் பார்த்தால் அப்பா மிரட்டுகிறவராகத் தெரியவில்லை. மூன்று வருடமாக என்ன நடக்கிறது என்று புரியாமல் தவிப்பவராகத் தெரிகிறார். அவரிடம் இன்னும் ஒரு சத்தியம் செய்யாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். ஒரு மாதம் எழுதிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, “அடுத்த ஒரு தேர்வு, பாதி நாள் வேலையோடு. அதற்குள் வராவிட்டால் முழு நேர வேலை தேடுகிறேன். கல்யாணப் பேச்சை அதற்கப்புறம் எடுப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். தறி ஓட்டுகிறவருக்கு நெய்த துணி கண்ணில் பட்டால் புரியும்.

அடைப்புக்குறிக்குள் எழுதிய வரி

ஆறாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், “சில நேரம் இருப்பதே பாரமாக இருக்கிறது” என்று எழுதி மூடிவிட்டீர்கள். நேராகக் கேட்கிறேன்: செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால், அல்லது இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால், மேலே எழுதிய எதையும் தொடங்கும் முன் ஒருவரிடம் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மாநிலத்தின் 104 எண்ணும் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். மனச்சோர்வு இருந்தால் எந்த ஒழுங்கும் முதலில் கைகூடாது, அது குணக்கேடும் இல்லை. சிகிச்சைக்குக் கேட்கும் நோய் அது. எண்ணம் இன்றே வந்தால் இன்றே அழையுங்கள், அம்மாவையும் எழுப்பிச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சுதந்திரம் உங்களுக்கு ஒத்துவராது என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருடமாக அது உங்கள் கையில் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். கேள்வி கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு காகிதக் கட்டுதான் முடிவு செய்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதும் தேர்வின் விடைத்தாளில் நான்கு விடைகளுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக E என்று ஒரு வட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான வட்டம். தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லாததால் தேர்வறையில் எதையாவது ஊகித்துப் போட்டுவிட்டு வருவோம், அது வேறு. வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் E-யைக் கறுப்பாக்குங்கள், கூச்சப்படாமல். முதல் தாளை முழுசாக எழுதி முடித்த அன்று எத்தனை E என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். மார்க்கை எழுத வேண்டாம்.